கற்றல் குறைபாடும் கல்வி உதவித்தொகையும்: முசிறி வரை வந்த சட்டம்

மாற்றுத்திறனாளி மாணவருக்கு உதவித்தொகை வேண்டுமென்றால் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குச் சட்டத்தின் பட்டியலில் இடம் வேண்டும். 1995ஆம் ஆண்டுச் சட்டம் பார்வையிழப்பு, செவித்திறன் குறைவு, கை கால் ஊனம் முதலிய ஏழு குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் டிஸ்லெக்சியா அதில் இல்லை. ஜெர்மானியக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் அதற்குப் பெயரிட்டு அப்போதே நூறாண்டு கடந்துவிட்டது. மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கமும் 1990களின் தொடக்கத்திலேயே சென்னையில் இயங்கியது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் வந்தன, உதவித்தொகை வரவில்லை. காவிரியின் வடகரையில் குளித்தலைக்கு எதிரே இருக்கும் முசிறி போன்ற ஊர்களில் இத்தகைய பிள்ளைக்குப் ‘படிப்பு ஏறாதவன்’ என்ற பேர்தான் மிஞ்சியது.

2016 டிசம்பரில் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21 ஆக்கி, டிஸ்லெக்சியா உள்ளிட்ட கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. 9, 10ஆம் வகுப்புகளுக்கு மத்திய அரசு 2014-15இல் தொடங்கிய உதவித்தொகை இப்படித்தான் இவர்களுக்கும் எட்டியது. ஆனால் குறைந்தது 40 விழுக்காடு குறைபாடு வேண்டும் என்ற வரம்பு அப்படியே நின்றது. குட்டையான காலை அளந்துவிடலாம். வாசிக்கத் திணறுவதை எந்த விழுக்காட்டில் எழுதுவது?

2018 ஜனவரியில் வந்த சான்றளிப்பு வழிகாட்டுதல்கள் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் வகுத்த சோதனையைப் பரிந்துரைத்தன. 8, 14, 18 வயதுகளில் சான்றளிக்கக் கூறின. தமிழக அரசின் உதவித்தொகையோ 1ஆம் வகுப்பிலேயே தொடங்குகிறது. எட்டு வயதுக்கு முன் சான்றிதழ் இல்லாததால் முதலிரண்டு வகுப்புகள் கைநழுவிப் போகும். பதினான்கு வயதில் மறுசோதனை. மத்திய உதவித்தொகை தொடங்கும் 9ஆம் வகுப்பும் ஏறக்குறைய அதே வயதுதான். நிம்ஹான்ஸ் சோதனையோ 7ஆம் வகுப்பு வரைக்குமே வகுக்கப்பட்டது. வயதைக் குறித்தவர்கள் உதவித்தொகை விதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பள்ளியில் திணறும் பிள்ளையை முதலில் அடையாளம் காண வேண்டியவர்கள் வகுப்பாசிரியரும் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரும். சான்றளிக்கக் குழந்தை மருத்துவரும் உளவியலாளரும் சேர்ந்து பார்க்க வேண்டும். முசிறிக்காரர்களுக்கு அது பெரும்பாலும் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள திருச்சிக்குப் பயணம். கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு. தகுதிக் கோடு மாறுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. உதவித்தொகைக்கான ஊரகத் திறனாய்வுத் தேர்வுக்கு நகராட்சிப் பகுதியில் படிப்பவர்கள் விண்ணப்பிக்க முடியாது என்பது விதி. பேரூராட்சியாக இருந்த முசிறி 2021இல் நகராட்சியானது.

அதே 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், எழுதுவதில் சிரமமுள்ள தேர்வருக்குச் சொல்வதை எழுதுபவரை அனுமதிக்க 40 விழுக்காடு கட்டாயமில்லை என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு தேர்வறையோடு நின்றது. மத்திய உதவித்தொகைக்கு 40 விழுக்காட்டுச் சான்றிதழ் தேவை என்ற விதியை அது தொடவில்லை.