உதிரிப்பூக்கள்
1979இல் வெளிவந்த தமிழ்த் திரைப்படம். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவி மகேந்திரன் எழுதி இயக்கினார், இசை இளையராஜா, ஒளிப்பதிவு அசோக்குமார். கட்டிய மனைவியை வதைக்கும் சுந்தரவடிவேலுவாக விஜயன் நடித்தார்.

இப்படத்தைக் கிளாசிக் வரிசையில் வைப்பது அதன் இறுதிக்காட்சி. ஊரே திரண்டு நின்று சாகச் சொல்ல, சுந்தரவடிவேலு ஆற்றுக்குள் இறங்குகிறான். இதுவரை தான் ஒருவனே கெட்டவன், இன்று ஊரையே தன்னைப்போல் ஆக்கிவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போகிறான். அதுவரை அவனை வெறுத்த பார்வையாளருக்கு நெஞ்சு கனத்துவிடுகிறது. வில்லன் ஒழிந்த நிம்மதி கிடைப்பதில்லை. கரையில் அவன் பிள்ளைகள் இருவர். அந்தச் சின்னஞ்சிறு உருவங்களைக் காட்டியே மகேந்திரன் முடிக்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் தீர்ப்புச் சொல்ல வாய் வராது. படம் முழுக்கவே வசனம் குறைவு. பெரும்பகுதியை முகங்களும் மௌனமும் பேசுகின்றன.