பெட்டி தூக்கிய கோச்

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட் பக்கம் டீக்கடையில் ஃபுட்பால் பேச்சு வந்தால் இரண்டு கட்சி பிரியும். 'வெளிநாட்டு கோச் வந்தாதான் நம்ம டீம் உருப்படும்' என்பது ஒன்று. 'அவன் வருவான், சம்பளம் வாங்குவான், போயிடுவான். நமக்கு என்ன மிஞ்சும்?' என்பது இன்னொன்று. இந்தச் சண்டை வரும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் பாப் ஹௌட்டன்.

1947-இல் பிறந்த ஆங்கிலேயர். ஆட்டக்காரராகப் பெரிய பெயரில்லை. 1974-இல், 26 வயதில், சுவீடனின் மால்மோ அணிக்குக் கோச்சாகப் போனார். அணியில் சிலர் அவரைவிட மூத்தவர்கள். அங்கே அதுவரை ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு காவல் காக்கும் பழக்கம். ஹௌட்டன் அதை மாற்றினார். பின்வரிசை நால்வரும் ஒரே கோட்டில் நின்று, பந்து போகும் பக்கம் சேர்ந்து நகர வேண்டும். ஆளை விட்டு இடத்தைக் காக்க வேண்டும். 'இயந்திரம் மாதிரி ஆடுறாங்க' என்று ஏச்சு கிளம்பியது. ஆனால் 1974, 1975, 1977 என மூன்று முறை லீக் பட்டம் வந்தது. 1979-இல் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம் வரை அந்த அணி போனது. மியூனிக்கில் நாட்டிங்காம் ஃபாரஸ்டிடம் 0-1 தோல்வி. கோலை அடித்தவர் பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கப்பட்ட டிரெவர் பிரான்சிஸ். மால்மோவில் ஆடியவர்கள் அத்தனை பேரும் சுவீடன்காரர்கள்.

அதன்பின் அவர் பெட்டி ஓயவில்லை. பிரிஸ்டல், டொரன்டோ, சூரிச், சீனா, உஸ்பெகிஸ்தான், ஈரான். உஸ்பெகிஸ்தானில் நடந்தது விசித்திரம். 2005 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பஹ்ரைனை 1-0 என வென்றார்கள். அந்த ஆட்டத்தில் பெனால்டியை அடிக்கும் முன்பே சக ஆட்டக்காரர் உள்ளே புகுந்துவிட்டார். திரும்ப அடிக்கச் சொல்லியிருக்க வேண்டிய நடுவர், பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்தார். நடுவர் செய்தது விதிமீறல் என்று ஃபிஃபா ஆட்டத்தையே ரத்து செய்தது. மறுஆட்டம் 1-1, அடுத்தது 0-0. வெளியூர் கோல் கணக்கில் பஹ்ரைன் முன்னேறியது. ஜெயித்த ஆட்டமும் கையை விட்டுப் போனது.

2006-இல் இந்தியா வந்தார். 2007, 2009 நேரு கோப்பைகள் கிடைத்தன. 2008 ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டத்தில் தில்லி அம்பேத்கர் மைதானத்தில் தஜிகிஸ்தானை 4-1 என வென்றோம். சுனில் சேத்ரி மூன்று கோல். அந்த வெற்றிதான் 27 வருடங்களுக்குப் பிறகு இந்தியாவை ஆசியக் கோப்பைக்குக் கொண்டுபோனது. 2011, தோஹா: ஆஸ்திரேலியாவிடம் 0-4, பஹ்ரைனிடம் 2-5, தென்கொரியாவிடம் 1-4. சில மாதங்களில் ஹௌட்டன் விலகினார். 2015 ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெறவில்லை. அந்த ஆண்டு மார்ச்சில் உலகத் தரவரிசையில் 173-ஆம் இடத்துக்கு இறங்கினோம்.

அப்போ ரெண்டாவது கட்சி சொல்றதுதான் சரியா? மால்மோவையும் பார்க்க வேண்டும். ஹௌட்டன் போன பிறகும் அவர் பாடம் சுவீடனில் நின்றது. அவருடைய பள்ளித் தோழர் ராய் ஹாட்ஜ்சன் ஹால்ம்ஸ்டாட் அணிக்கு அதையே சொல்லிக்கொடுத்து 1976-இலும் 1979-இலும் பட்டம் வென்றார். பிறகு மால்மோவை 1985 முதல் ஐந்து வருடம் தொடர்ந்து லீக்கில் முதலிடத்தில் வைத்திருந்தார். உள்ளூர்க்காரரான ஸ்வென் யோரான் எரிக்சன் இருவரிடமிருந்தும் கற்றுக்கொண்டு, 1982-இல் கோதன்பர்க் அணியுடன் யுஇஎஃப்ஏ கோப்பையை எடுத்தார். ஆள் போனாலும், பாடத்தை வாங்கிக்கொள்ள அங்கே ஊர் ஊராகக் கிளப்புகளும் கோச்சுகளும் இருந்தார்கள். இந்தியாவில் ஹௌட்டன் மாதக்கணக்கில் முகாம் போட்டு ஒரு அணியைச் செய்தார். அந்த அணிக்கு வயதாகியது. அடியில் வேறு எதுவும் இல்லை.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வியாசர்பாடி. தன்பால் கணேஷ், எட்வின் சிட்னி வான்ஸ்பால், நந்தகுமார் சேகர் எல்லாம் அங்கே முல்லை நகர் பக்கம் வளர்ந்து ஐ.எஸ்.எல். வரை போனவர்கள். அந்தப் பசங்களுக்கு முதலில் பந்து கொடுத்தது அதே ஏரியாக்காரர்கள். ஒரு கூட்டம் வளர்ந்து போனாலும் அடுத்த கூட்டத்துக்கு விசில் ஊத அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

டீக்கடைச் சண்டையில் நான் இரண்டு பக்கமும் சேர்வதில்லை. பெட்டியோடு வருகிறவர் வரட்டும். அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு, அவர் விமானம் ஏறிய மறுநாள் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வர நம்மிடம் ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.