கண்டிக் கோப்பியும் கரிசல் நிலத்துக் கூலிகளும்

1820-களில் இலங்கை மலைநாட்டில் பெருந்தோட்டப் பயிராக வேரூன்றிய காப்பி, 1870-ஆம் ஆண்டளவில் பத்து லட்சம் அந்தர் ஏற்றுமதியாகும் அளவுக்கு ஓங்கி, பின்னர் இலைநோயால் அழிந்து தேயிலைக்கு இடம்விட்ட வரலாறு அன்பர்கள் அறிந்ததே. அப்பயிரை வளர்த்தோரில் திருநெல்வேலிச் சீமையாரும் கணிசமானவர் என்பதில் விவாதமில்லை. அவர்களைப் பிணித்த கட்டு யாது என்பதே விவாதம்.

1974-இல் 'ஒரு புதிய அடிமை முறை' என்ற பெயரால் நூல் வெளியிட்ட ஹியூ டிங்கர், மொரீஷஸ், மேற்கிந்தியத் தீவுகளின் ஒப்பந்தக் கூலி முறையை நடுநாயகமாக வைத்து, இலங்கையையும் அதே தலைப்பின்கீழ் அடக்கினார். அவருடைய உழைப்பும் மனிதாபிமானமும் வணங்கத்தக்கவை. ஆயினும் இவ்விடத்தில் அவருடன் உடன்பட இயலவில்லை. மொரீஷஸ் சென்றவன் ஆண்டுக்கணக்கான ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தான்; கண்டிக்குச் சென்றவனோ, 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டப்படி, மாதக் கூலியாகவே கருதப்பட்டான். அச்சட்டமும் மீறியவனைச் சிறைக்கு அனுப்பிற்று என்பது மெய். ஆனால் அவனுடைய நிர்ப்பந்தம் தோட்டத்து வாசலில் தொடங்கவில்லை. ஆள் திரட்டிய கங்காணி முன்பணம் நீட்டிய ஊர்த்திண்ணையிலேயே தொடங்கிவிட்டது. அடிமைத்தனத்தை ஒப்பந்தத்தில் தேடுபவர் கடனைக் காணாது போவார்.

வேளாண்மைக் காலக்கணக்கும் இதற்குச் சான்று கூறும். மலைநாட்டில் காப்பிப்பழம் பறிக்கும் பருவம் ஏறத்தாழப் புரட்டாசி முதல் மார்கழி வரை. சங்கரன்கோவில் கரிசலில் பருத்தியும் சோளமும் விதைக்கும் ஐப்பசி மழை அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. வேலையற்ற மாதங்களில் கூலிக்குப் போய்த் திரும்பினர் என்ற எளிய விளக்கம் இம்மண்ணுக்குப் பொருந்தாது. விதைப்புக் காலத்தில் ஊரைவிட்டு நீங்குபவன் நிலமற்றவனாக இருத்தல் வேண்டும், அல்லது மழை பொய்த்தவனாக இருத்தல் வேண்டும்.

இங்கே ஒரு சிறு நூலிடம் சற்றுத் தங்க விழைகிறேன். ஆபிரகாம் ஜோசப் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869-இல், அதாவது மடுல்சீமைப் பகுதியில் இலைநோய் கண்டறியப்பட்ட அதே ஆண்டில், யாழ்ப்பாணத்தில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சாயிற்று. அம்மொழிபெயர்ப்பு கூலிகளுக்காக அன்று, துரைமாருக்காகவே என்பது வெளிப்படை. எனவே அதனைத் தொழிலாளரின் குரல் என்று கொள்வது தகாது. ஆனால் யாப்பு வேறொன்று சொல்கிறது. கும்மி பெண்கள் வட்டமிட்டுக் கைகொட்டிப் பாடுவது. ஆடவர் மட்டுமே வந்துபோன தோட்டத்துக்கு அவ்வடிவத்தை ஒருவர் தேர்ந்திருப்பாரா? 1860-களிலேயே பெண்கள் தோட்டக் குடியிருப்புகளான லயங்களில் கணிசமாக இருந்தனர் என்றும், குடும்பத்தோடு பெயர்ந்தவர்கள் பருவ வேலைக்கன்றி வறுமையால் பெயர்ந்தவர்களே என்றும் கருதுகிறேன். பழகிய சந்தம் என்பதற்காகவே கவிராயர் அதனைக் கைக்கொண்டிருக்கலாம் என்ற ஆட்சேபத்தை மறுக்கப் போதிய ஆதாரம் என்னிடமில்லை. இருப்பினும் என் கருத்தே வலிமையுடையது என்று நம்புகிறேன்.

ஆணும் பெண்ணுமாகக் கடல் கடக்கும் வழக்கம் கரிசலில் எந்த ஆண்டில் தொடங்கிற்று என்று வரையறுக்கத் துணியேன். 1876–78 பஞ்சத்துக்கு முற்பட்டது என்ற அளவில் கும்மி இடந்தருகிறது. சங்கரன்கோவில் வட்டாரத்தில் கங்காணிகளாக இருந்தோரின் வழிவந்தவர்கள், பழம்பெட்டிகளில் முன்பணக் கணக்கேடுகள் கிடந்தால், செல்லுக்கு இரையாக்காமல் ஆராய்ச்சியாளருக்குக் காட்டியருள வேண்டுகிறேன்.