தகவல் பாதுகாப்பு: வெளியாரிடம் ஒப்படைத்தல்
வாடிக்கையாளர் விவரங்களையும் கணக்குகளையும் திருட்டிலிருந்தும் முடக்கத்திலிருந்தும் காக்கும் நிர்வாகப் பணி தகவல் பாதுகாப்பு. வேலையை வெளியாரிடம் விடலாம், பொறுப்பை விட முடியாது. 2024 ஜூலை இறுதியில் சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை வழங்கும் சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் நிறுவனத்தை, கணினிகளை முடக்கிப் பணம் பறிக்கும் நிரலான ரான்சம்வேர் தாக்கியதும், தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அதன் இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்தது. அந்த ஒரே நிறுவனத்தை நம்பியிருந்த சுமார் 300 சிறு வங்கிகளின் யு.பி.ஐ. உள்ளிட்ட சேவைகள் தடைப்பட்டன. அப்படியானால் எல்லாவற்றையும் வங்கிகள் தாமே பார்த்துக்கொள்வதுதானே என்று கேட்கலாம். கன்னிவாடி போன்ற பேரூராட்சியில் இயங்கும் கடன் சங்கம் தனி வல்லுநர் குழுவை அமர்த்துவது நடக்கிற காரியமல்ல. வசதி இருந்தாலும் பாதுகாப்பு உறுதியில்லை: கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியே 2018 பிப்ரவரியில் வங்கிகளுக்கிடையிலான செய்தி வலையமைப்பான ஸ்விஃப்ட் வழி மோசடிப் பரிமாற்றங்களுக்கு இலக்கானது. ஆகவே ஒப்பந்தத்தில் தணிக்கை உரிமையும் மாற்று ஏற்பாடும் இருப்பதே முக்கியம். 2023 அக்டோபர் 1 அன்று நடப்புக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளும், பணியை யார் செய்தாலும் பொறுப்பு வங்கியுடையதே என்றன.