எளிமைக்குக் கொடுத்த விலை

சர்வர் எனப்படும் வழங்கியில் இயங்கும் நிரலை எழுத விரும்பியோர் 1990களின் நடுவில் பெரும்பாலும் பெர்ல் மொழியையே நாடினர். அதை 1987இல் வெளியிட்ட லாரி வால் மொழியியல் பயின்றவர். ஒன்றையே பலவிதமாகச் சொல்ல இடந்தருவது அம்மொழியின் கொள்கை. இலக்கியம் படித்த எனக்கு அது உவப்பானதே. புதிதாகக் கற்பவரைத்தான் திகைக்க வைக்கும்.

கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப், இணையத்திலிருந்த தம் தன்விவரப் பக்கத்தை எவரெல்லாம் பார்க்கிறார்கள் என்றறிய 1994இல் சில சிறுநிரல்கள் எழுதினார். அடுத்த ஆண்டு அவற்றைப் பொதுவில் வைத்தார். புதுமொழி படைக்கும் எண்ணம் அவருக்கில்லை. ஆயினும் பிஎச்பி பிறந்தது அப்படித்தான். கட்டளைப் பெயர்களை எழுத்தெண்ணிக்கை கொண்டே அது தேடியதால், நீளம் வேறுபடுமாறு பெயரிட்டதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். (சீர் நிரம்புவதற்காகச் சொல்லை நீட்டும் நம் புலவர்கள் நினைவுக்கு வருகின்றனர்.)

ஆண்டி குட்மன்ஸ், ஸீவ் சுராஸ்கி என்னும் இருவர் இஸ்ரேலில் மாணவராயிருந்தபோது அதைப் புதிதாக எழுத, 1998இல் மூன்றாம் பதிப்பு வந்தது. வலைப்பக்கத்தின் நடுவிலேயே நிரலைச் செருகலாம். படிவத்தில் வாசகர் நிரப்பும் பெயர், நிரலுக்குள் அதே பெயருள்ள மாறியாகத் தானே வந்து நிற்கும். கற்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆபத்தும் அங்கேயே இருந்தது. நிரலர் மதிப்பிட மறந்த மாறிக்கு, முகவரி வரியில் தட்டச்சு செய்தே எவரும் மதிப்பிட்டுவிடலாம். கடவுச்சொல் இன்றியே உள்ளே நுழையலாம். 2002இல் 4.2 பதிப்பு அவ்வசதியை அணைத்து வைத்தது. பழைய நூல்களைக் கொண்டு கற்றவர்களின் நிரல்கள் நின்றுபோயின. பலர் நிரலைத் திருத்தவில்லை. அணைத்ததை மீண்டும் இயக்கிக்கொண்டனர். அது முற்றாக நீக்கப்பட்டது 2012இல், 5.4 பதிப்பில்.