மலாய்ச் சொல், தமிழ்த் தொடர்: இலங்கை மலாயும் காயல் கரையும்

1. மக்கள்

தாமிரபரணி கடலில் சேருமிடத்துக்கு அக்கரையில், மன்னார் வளைகுடா கடந்தால், ஆஸ்திரோனேசியக் குடும்பத்து மொழியொன்று வழங்குகிறது: இலங்கை மலாய். 1656இல் கொழும்பைப் பிடித்த டச்சுக்காரர்கள் ஜாவா முதலிய கீழைத்தீவுகளிலிருந்து படைவீரர்களையும் நாடுகடத்தப்பட்டோரையும் இலங்கைக்குக் கொண்டுவந்தனர். ஆங்கிலேயர் காலத்தில், 1873இல் கலைக்கப்படும்வரை, சிலோன் ரைபிள் படைப்பிரிவு இவர்களுக்குப் பிழைப்பளித்தது. இன்று ஏறத்தாழ 40 ஆயிரம் பேர். நகர வீடுகளில் மொழி தேய்கிறது. தென்கரைச் சிற்றூரான கிரிந்தவில் பிள்ளைகளும் பேசுகிறார்கள்.

2. தொடரமைப்பு

மலேசியாவில் ‘சாயா மாக்கான் நாசி’ என்பார்கள்: நான், தின், சோறு என்பதே வரிசை. இலங்கை மலாயில் அது ‘செ நாசி அரமாக்கங்’. நம் ‘நான் சோறு தின்கிறேன்’ போலவே வினை கடைசியில் வந்து நிற்கிறது. சொற்கள் மலாய், நிறுத்திய முறை நம்முடையது. வேற்றுமையும் பெயருக்குப் பின்னே ஒட்டுகிறது: கண்டிக்கு என்பது ‘கண்டி-நங்’. பிறர் பேச்சை எடுத்துச் சொல்ல, ‘என்று’ வருமிடத்தில் ‘கதா’ வருகிறது. பெயரெச்சத் தொடரும் பெயருக்கு முன்னரே அமைகிறது. ஒரு மொழி தன் சொற்களைக் காத்துக்கொண்டே எலும்புக்கூட்டை மாற்றிக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் அண்டையில் இல்லை.

3. மூலம் எது?

தமிழ் பேசும் இலங்கை முஸ்லிம்களான சோனகரின் பெண்களை மலாய் வீரர்கள் மணந்ததே இம்மாற்றத்துக்குக் காரணம் என்று மொழியியலாளர் இயன் ஸ்மித் முதலியோர் வாதிட்டனர். இலக்கணத்தையே புரட்டுமளவுக்கு அத்தகைய மணங்கள் நடந்தனவா என உம்பர்டோ அன்சால்டோ ஐயுற்றார். மேற்சொன்ன கூறுகள் சிங்களத்துக்கும் பொது என்பதே சிக்கல். ‘ஒரு’ என்னும் பொருளுள்ள ‘அத்து’வைப் பாருங்கள்: பெயருக்கு முன்னும் வரும், பின்னும் வரும். முன்வருவது தமிழ் வழக்கு; பின்வருவது சிங்கள வழக்கு. மலைநாட்டு மலாய்க்கு 2009இல் விரிவான இலக்கணம் எழுதிய செபாஸ்டியன் நோர்ட்ஹோஃப் போன்றோரின் தரவுகளைப் பார்க்கையில், இரு மொழிகளும் நெடுங்காலம் சேர்ந்தே அழுத்தின என்றே நான் கருதுகிறேன். மணம் ஒரு வழி. பள்ளிவாசலும் கடைத்தெருவும் வேறு வழிகள்.

4. காயல் சான்று

ஆகவே ஒப்பிட வேண்டியது ஏட்டுத்தமிழை அன்று, முஸ்லிம்களின் பேச்சுத்தமிழை. இலங்கையோடு தலைமுறைகளாக வணிகம் செய்த காயல்பட்டினத்தில் அது உயிரோடு இருக்கிறது. எழுத்திலும் உறவுண்டு: இங்கே தமிழை அரபு எழுத்தில் அர்வியாக எழுதினர், அங்கே மலாயைக் ‘குந்துல்’ என்ற அரபு எழுத்தில் எழுதினர். 1869இல் பாபா ஊனுஸ் சல்தீன் கொழும்பில் நடத்திய ‘ஆலமத் லங்காபுரி’ இதழும் அவ்வெழுத்தில் வந்ததே. காயல் முதியோர், சோனகர், கிரிந்த மலாயர் ஆகிய மூவரிடமும் ஒரே கதையைச் சொல்லச்செய்து ஒலிப்பதிவு எடுத்து, வேற்றுமை வேற்றுமையாக, எச்சம் எச்சமாக ஒத்துப்பார்க்க வேண்டும். நெல்லைப் பல்கலைக்கழக மாணவருக்கு இதன் முதற்பகுதி ஒரு பேருந்துப் பயணத் தொலைவுதான்.