பழைய பிக்கப் வண்டிகளின் பின் அச்சு மாற்றம்

அமெரிக்காவில் பழைய பிக்கப் வண்டி ஒன்றைப் புதுப்பிப்பவர்கள் பெரும்பாலும் செய்யும் வேலைகளில் ஒன்று, தொழிற்சாலையிலிருந்து வந்த பின் அச்சைக் கழற்றிவிட்டு வேறொரு வண்டியின் வலுவான பின் அச்சைப் பொருத்துவது. வெளியே தெரியாத வேலை இது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆயினும் கடந்த எழுபது ஆண்டுகளில் அந்நாட்டுச் சாலைகளும் எஞ்சின்களும் எப்படி மாறின என்பதை இந்த ஒரு வேலையைக் கொண்டே சொல்லிவிடலாம்.

பின் அச்சின் வேலை

எஞ்சினின் சுழற்சி கியர்பாக்ஸ் வழியாக புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கு வருகிறது. அதன் பின்முனையில் பினியன் என்ற சிறிய பற்சக்கரமும், அது சுழற்றும் கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரமும் உள்ளன. இவை இரண்டும் சுழற்சியை 90 பாகை திருப்பி, வேகத்தைக் குறைத்து, திருப்புவிசையைப் பெருக்கிச் சக்கரங்களுக்குத் தருகின்றன. இரண்டுக்கும் நடுவே உருண்டு நிற்கும் கூட்டை அமெரிக்க மெக்கானிக்குகள் பூசணிக்காய் என்பார்கள்.

பின் அச்சு தாங்குவது எஞ்சினின் திருப்புவிசையை மட்டும் அல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். எஞ்சின் 200 அலகு விசை தருகிறது, முதல் கியர் அதை 3 மடங்காக்குகிறது, அச்சின் விகிதம் 4 என்றால், சக்கரங்களுக்குச் செல்லும் இரண்டு தண்டுகளும் சேர்ந்து 2,400 அலகைத் தாங்க வேண்டும். எஞ்சினில் 100 அலகைக் கூட்டினால் அச்சில் 1,200 கூடுகிறது. பழைய வண்டியில் புதிய எஞ்சினை வைத்தவர்களின் அச்சு உடைந்ததற்கு இந்தப் பெருக்கல்தான் காரணம்.

மண் சாலைக்குச் செய்த வண்டி

1947 கோடையில் செவ்ரோலெட் நிறுவனம் அட்வான்ஸ் டிசைன் என்ற பெயரில் புதிய பிக்கப் வரிசையை வெளியிட்டது. 1955 தொடக்கம் வரை விற்ற இந்த வண்டிகளே இன்று அதிகம் புதுப்பிக்கப்படும் பழைய பிக்கப்புகளில் முன்னணியில் நிற்பவை. அரை டன் வண்டியில் 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. அதன் திறன் 90 குதிரைத்திறன், அதுவும் நிமிடத்துக்கு 3,300 சுற்றில். பின் அச்சின் விகிதம் 4.11. சுமையோடு வயலிலிருந்து கிளம்பி, மண் பாதையில் சந்தைக்குப் போய்த் திரும்பும் விவசாயிக்கு இது பொருத்தமான விகிதம்.

28 அங்குல உயர டயரோடு இந்த வண்டி மணிக்கு 40 மைல் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,970 முறை சுழல்கிறது. 60 மைலில் அது 2,960 ஆகிவிடும். 216 எஞ்சினின் கனெக்டிங் ராடுகளில் உலோகக் கலவையை வார்த்துச் செய்த பேபிட் பேரிங்குகள் இருந்தன. ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி எண்ணெயை அள்ளித்தான் அவற்றுக்கு எண்ணெய் போனது. இப்படிப்பட்ட எஞ்சினை மணிக்கணக்காக 3,000 சுற்றில் ஓட்டுவது அதன் ஆயுளோடு விளையாடுவதாகும்.

1956 ஜூன் 29 அன்று குடியரசுத் தலைவர் ஐசனோவர் கூட்டாட்சி நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 41,000 மைல் நீளத்துக்கு மாநிலங்களை இணைக்கும் அதிவேகச் சாலைகளை அமைப்பது அதன் நோக்கம். அந்தச் சாலைகள் நீள நீள, சில ஆண்டுகளே பழைய வண்டிகள்கூட வேகத்தில் பின்தங்கின. ஆகவே அச்சு மாற்றத்தின் முதல் காரணம் உடைப்பு அல்ல, விகிதம். 4.11க்குப் பதிலாக 3.25 விகித அச்சு இருந்தால் அதே 60 மைலில் எஞ்சின் 2,340 சுற்றுதான் சுழலும். வலுவைப் பற்றியே பேசும் பல கட்டுரைகள் இதைச் சொல்லாமல் விடுகின்றன.

குழாய்க்குள் இருந்த தண்டு

இந்த வண்டிகளில் அச்சை மாற்றுவது எளிதாக இருக்கவில்லை. 1954 வரையிலான அரை டன் செவ்ரோலெட்டில் புரொப்பல்லர் ஷாஃப்ட் வெளியே தெரியாது. அது டார்க் டியூப் என்ற தடித்த குழாய்க்குள் சுழலும். குழாயின் பின்முனை அச்சுக் கூட்டோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும், முன்முனை கியர்பாக்ஸின் பின்னால் ஒரு பந்து மூட்டில் அமர்ந்திருக்கும். சக்கரம் சாலையை உந்தும் விசை இந்தக் குழாய் வழியாகத்தான் வண்டிக்கு வரும். எனவே அச்சைக் கழற்றினால் குழாயையும் கழற்ற வேண்டும். குழாய் போனால் கியர்பாக்ஸும் பயன்படாது. ஒன்றைத் தொட்டால் மூன்றை மாற்ற வேண்டிய நிலை.

இதற்கு மாற்றான திறந்த ஷாஃப்ட் அமைப்பு, பிரான்சின் ஹாட்ச்கிஸ் நிறுவனத்தின் பெயரால் ஹாட்ச்கிஸ் டிரைவ் எனப்படுகிறது. இதில் உந்துவிசையையும், முடுக்கும்போது அச்சு முறுக்கிக்கொள்ள முயல்வதையும் பட்டை ஸ்பிரிங்குகளே தாங்குகின்றன. ஃபோர்டு கார்கள் 1949 மாடலிலும், செவ்ரோலெட் கார்களும் அரை டன் பிக்கப்புகளும் 1955இலும் இதற்கு மாறின.

அதே 1955இல் செவ்ரோலெட் தன் 265 கன அங்குல வி8 எஞ்சினை வெளியிட்டது. காரில் அதன் அடிப்படைத் திறன் 162 குதிரைத்திறன். எடையும் குறைவு. பழைய பிக்கப்பில் இதை வைக்கும் ஆசை பலருக்கு வந்தது. எஞ்சின் மாறியதும் அடுத்த பலவீனமான பாகம் பின் அச்சு என்று தெரிந்தது.

ஃபோர்டின் 9 அங்குல அச்சு

ஃபோர்டு நிறுவனம் 1957 மாடல் கார்களிலும் பிக்கப்புகளிலும் ஒரு புதிய பின் அச்சைக் கொண்டுவந்தது. கிரவுன் வீலின் விட்டம் 9 அங்குலம் என்பதால் அதுவே பெயராகிவிட்டது. இதற்கு முன்பிருந்தே ஹைப்பாய்டு வகைப் பற்சக்கரங்கள் புழக்கத்தில் இருந்தன. ராச்செஸ்டர் நகரின் கிளீசன் நிறுவனம் உருவாக்கிய அவ்வகையை 1920களின் நடுவில் பேக்கார்டு கார்கள் முதலில் பயன்படுத்தின. ஹைப்பாய்டு அமைப்பில் பினியன், கிரவுன் வீலின் மையத்துக்கு நேராக இல்லாமல் கீழே தள்ளி அமையும். இதனால் பற்கள் நீண்டு, ஒரே நேரத்தில் அதிகப் பற்கள் ஒன்றையொன்று தொடும்.

9 அங்குல அச்சில் இந்த இறக்கம் ஏறக்குறைய 2.4 அங்குலம். செவ்ரோலெட்டின் 12 போல்ட் அச்சில் அது 1.5 அங்குலம்தான். மேலும் பெரும்பாலான அச்சுகளில் பினியனை இரண்டு பேரிங்குகள் ஒரே பக்கத்தில் தாங்க, இதில் பினியனின் மறுமுனையில் மூன்றாவதாக ஒரு பேரிங் உண்டு. சுமை ஏறும்போது பினியன் விலகிப் போகாது. இந்த வலுவுக்கு விலையும் உண்டு: பற்கள் ஒன்றன்மேல் ஒன்று அதிகம் வழுக்குவதால் உராய்வு கூடுகிறது, எண்ணெய் சூடாகிறது, கொஞ்சம் திறன் வீணாகிறது.

மெக்கானிக்குகளுக்கு இது பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணம் உண்டு. மற்ற அச்சுகளில் பின்மூடியைத் திறந்து, வண்டிக்கு அடியில் படுத்தபடியே பற்களின் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். 9 அங்குல அச்சுக்குப் பின்மூடியே கிடையாது. பற்சக்கரத் தொகுதி முழுவதையும் முன்பக்கமாக உருவி எடுத்து, மேசைமேல் வைத்து வேலை செய்யலாம். வெவ்வேறு விகிதங்களில் இரண்டு தொகுதிகளை வைத்துக்கொண்டு, பந்தயத்துக்கு ஒன்றும் சாலைக்கு ஒன்றுமாக மாற்றி ஓட்டியவர்களும் இருந்தார்கள்.

பழைய இரும்புக் கடைகளில் இதை அடையாளம் காண ஒரு வழி உண்டு. இதன் உருவத்தையே ஒத்த 8 அங்குல அச்சில் எல்லா நட்டுகளிலும் சாக்கெட் ஸ்பேனர் நுழையும். 9 அங்குலத்தில் கீழே உள்ள இரண்டு நட்டுகளில் நுழையாது, கூடு அவ்வளவு நெருக்கமாக இருக்கும். முன்கூட்டில் என் என்ற ஆங்கில எழுத்து வார்ப்பில் இருந்தால் அது வலுவான நாடுலர் இரும்பு, விலை பல மடங்கு. 1957 முதல் 1959 வரையிலான ஃபோர்டு ரான்செரோ, ஸ்டேஷன் வேகன் வண்டிகளின் அச்சு அகலம் பழைய பிக்கப்புகளுக்கு ஒத்துவந்ததால் அவற்றைத் தேடித் தேடி வாங்கினார்கள். ஃபோர்டின் அச்சைச் செவ்ரோலெட்டில் வைப்பது சிலருக்கு மானப் பிரச்சினை. ஆனால் நாஸ்கார் பந்தயங்களில் பல பத்தாண்டுகள் செவ்ரோலெட் கார்களும் இந்த வடிவமைப்பின் மேல்தான் ஓடின.

பொருத்தும்போது வரும் சிக்கல்

அச்சை வாங்குவது பாதி வேலைகூட இல்லை. முதலில் அகலம்: அரை அங்குலம் கூடினாலும் டயர் மட்கார்டில் உரசும். அடுத்து, பட்டை ஸ்பிரிங் அமரும் தட்டுகளைப் பழைய இடத்தில் வெட்டிப் புதிய இடத்தில் வெல்டிங் செய்ய வேண்டும். ஒரேயடியாக வெல்டிங் செய்தால் சூட்டில் அச்சுக் குழாய் வளைந்துவிடும். விட்டுவிட்டு, ஆறவைத்துச் செய்ய வேண்டும்.

தட்டுகளை வெல்டிங் செய்யும் கோணத்தில்தான் பலர் தவறுகிறார்கள். யூனிவர்சல் ஜாயிண்ட் சாய்வாகச் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். இரண்டு முனை ஜாயிண்டுகளின் கோணமும் சமமாக இருந்தால் ஒன்றின் ஏற்றத்தாழ்வை மற்றது நீக்கிவிடும். எஞ்சினும் கியர்பாக்ஸும் பின்பக்கம் 3 பாகை தாழ்ந்திருந்தால், பினியன் முன்பக்கம் 3 பாகை உயர்ந்திருக்க வேண்டும். இதை வண்டி தன் முழு எடையோடு தரையில் நிற்கும்போது அளக்க வேண்டும். ஜாக்கில் தூக்கிவைத்து அளந்து வெல்டிங் செய்தவர், 50 மைல் வேகத்தில் வண்டி அதிர்வதைக் கண்டு எல்லாவற்றையும் மறுபடி வெட்டுவார்.

பிரேக்கும் உண்டு. காலியான பிக்கப்பின் பின்பகுதி எடையற்றது. பெரிய காரின் பிரேக் டிரம்மோடு வந்த அச்சைப் பொருத்தினால், மழையில் பிரேக்கை மிதித்ததும் பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் திரும்பும். பழைய வண்டிகளின் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே சுற்றுதான். எங்கேனும் ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் இல்லை. அச்சை மாற்றும்போதே இதையும் மாற்றாதவர் வேலையைப் பாதியில் விட்டவரே.

எக்ஸ்புளோரர் வந்த பிறகு

ஃபோர்டு தொழிற்சாலைகளில் 9 அங்குல அச்சு 1986ஓடு நின்றது. அதன் இடத்தை 8.8 அங்குல அச்சு பிடித்தது. 1991 முதல் எக்ஸ்புளோரர் வண்டிகளில் 31 பல் கொண்ட தடித்த தண்டுகளோடு இது வந்தது, 1995இலிருந்து டிஸ்க் பிரேக்கும் சேர்ந்தது. அந்த வண்டிகள் பழைய இரும்புக் கடைகளில் குவிந்தபோது, 7.5 அங்குல அச்சோடு திணறிய ரேஞ்சர் பிக்கப்காரர்களுக்கு மலிவான தீர்வு கிடைத்தது. எக்ஸ்புளோரரில் ஸ்பிரிங் அச்சுக்குக் கீழே, ரேஞ்சரில் மேலே. ஆகவே இங்கேயும் வெல்டிங் தப்பாது.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. 9 அங்குல அச்சில் சக்கரத் தண்டைக் குழாயின் வெளிமுனையில் ஒரு தகடு பிடித்திருக்கும். 8.8இல் தண்டின் உள்முனையில் உள்ள சிறிய சி வடிவக் கிளிப் ஒன்றுதான் அதைப் பிடித்திருக்கிறது. தண்டு நடுவில் முறிந்தால் சக்கரம் தண்டோடு சேர்ந்து வெளியே உருவிக்கொண்டு வந்துவிடும்.

புதிய எஞ்சின் எதுவும் வைக்காமல், 216ஐயே வைத்து மெதுவாக ஓட்டுபவர்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. பழைய கூட்டுக்குள்ளேயே பொருந்தும் 3.55 விகிதப் பற்சக்கரங்கள் இப்போது கிடைக்கின்றன. டார்க் டியூப் தன் இடத்திலேயே இருக்கும்.